கட்டளை வரியில் ஒலிக்கோப்புகளை இயக்குதல்

கணினியில் ஒரு பாட்டையோ பேச்சையோ கேட்க வழக்கமாக நாம் கோப்பின் மீது இருமுறை சொடுக்குகிறோம். ஒரு சாளரம் திறக்கிறது, ஒலி வருகிறது. இதே வேலையைச் சாளரம் எதுவும் இல்லாமல், முனையத்தில் ஒரே ஒரு வரியைத் தட்டச்சு செய்து முடிப்பதுதான் கட்டளை வரியில் ஒலிக்கோப்பை இயக்குவது. சொடுக்குவதற்கு ஓர் ஆள் கணினிக்கு முன் உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டளைக்கு அது தேவையில்லை. குறித்த நேரத்தில் அது தானாக ஓடும். வேறோர் ஊரில் இருப்பவர் வலைப்பின்னல் வழியாக அதை ஓட்டலாம். இன்னொரு நிரல் அதை அழைக்கலாம். திரையே இணைக்காத கணினியிலும் அது வேலை செய்யும்.

பாட்டுக் கேட்க இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். பாட்டுக்கு வேண்டியதில்லைதான். ஆனால் ஊர் முழுவதும் கேட்க வேண்டிய ஓர் அறிவிப்பை, பொதுக்கூடம் பூட்டிக் கிடக்கும் நடுராத்திரியில் ஒலிக்க வேண்டியிருந்தால்? அந்தத் தேவையை வைத்தே இக்கட்டுரை இதை விளக்குகிறது. லினக்ஸ் இயங்குதளத்தையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறோம். கட்டளைகளின் பெயர்கள் இங்கே ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் உள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும்.

ஒலிபெருக்கியும் கடற்கரையும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால், மாமல்லபுரத்தைத் தாண்டி, கல்பாக்கத்தை ஒட்டி இருக்கிறது சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்களின் கோட்டையால் பலரும் அறிந்த ஊர். கடலை நம்பி வாழும் மீனவர் குடியிருப்புகள் இக்கரை நெடுக உண்டு.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்திரா அருகே கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையை எட்ட அதன்பின் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்துக்குக் கடல்நீர் இறைக்கும் கூடத்தில் வெள்ளம் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் அலகு பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆனால் அருகிலிருந்த ஊழியர் குடியிருப்பில் பல உயிர்கள் போயின. இடையில் இரண்டு மணி நேரம் இருந்தும் கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஒரு வழி இல்லை.

இதே கரையில் இன்னும் தெற்கே, புதுச்சேரியை அடுத்த நல்லவாட்டில் நடந்தது வேறு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் கணினியுடன் கூடிய தகவல் மையங்களை அமைத்து வந்தது. வீராம்பட்டினம் மையத்தில், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிடும் அலை உயர முன்கணிப்பை இறக்கி, தமிழாக்கி, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவிப்பார்கள். நல்லவாட்டிலும் அத்தகைய மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. அன்று காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். ஊரார் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள். அங்கே வாழ்ந்த 3,600-க்கும் மேற்பட்டோர் மேட்டுக்கு ஓடினர். வீடுகளும் படகுகளும் போயின; மக்கள் தப்பினர்.

கதவை உடைக்க வேண்டியிருந்ததைக் கவனியுங்கள். கருவி இருந்தது, செய்தியும் வந்துவிட்டது. உள்ளே போய்ப் பொத்தானை அழுத்த மட்டும் ஆள் இல்லை.

ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் செயல்படத் தொடங்கியது. புயல் முன்னறிவிப்புகள் நாள்கணக்கில் முன்பே வருகின்றன. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தபோது எல்லாருக்கும் அது முன்பே தெரிந்திருந்தது. இருந்தாலும் கைப்பேசியை அணைத்துவிட்டுத் தூங்குபவரை எழுப்ப இன்றும் கூரை மேலிருக்கும் குழாய் ஸ்பீக்கர்தான் உதவும்.

ஆகவே இப்படி வைத்துக்கொள்வோம். சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் ஒரு பொதுக்கூடம். அதில் ஒரு பழைய மேசைக்கணினி, ஓர் ஆம்ப்ளிஃபையர், கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். அந்தக் கணினியை எப்படிப் பேச வைப்பது?

முதல் கட்டளை

லினக்ஸில் மிக எளிய கருவி ஏபிளே. ஏ, பி, எல், ஏ, ஒய் என்று ஐந்து எழுத்துகள். ஆல்சா-யூட்டில்ஸ் என்னும் பொதியில் இது கிடைக்கும். பல லினக்ஸ் வழங்கல்களில் முன்பே நிறுவப்பட்டிருக்கும். முனையத்தைத் திறந்து, கோப்பு இருக்கும் அடைவுக்குப் போய், இப்படித் தட்டவும்:

ஏபிளே அறிவிப்பு.வேவ்

ஒலி முடிந்ததும் முனையம் அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். நடுவில் நிறுத்த கன்ட்ரோல் விசையுடன் சி-யை அழுத்தவும். ஒலிக்கும்போதே முனையத்தில் வேறு வேலை பார்க்க வேண்டுமானால் வரியின் கடைசியில் & குறியைச் சேர்க்கவும். இரண்டு கோப்புகளை அடுத்தடுத்து இயக்க இரண்டின் பெயரையும் இடைவெளி விட்டு எழுதினால் போதும்.

ஏபிளே எளிதாக இருப்பதற்குக் காரணம், அது கோப்பை எதுவும் செய்வதில்லை. வேவ் கோப்பில் ஒலி சுருக்கப்படாமல் எண்களாக அப்படியே இருக்கிறது. குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 2 பைட்டு, இடம் வலம் என இரண்டு தடங்கள்: மொத்தம் நொடிக்கு 1,76,400 பைட்டுகள். ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட்டு. ஏபிளே இந்த எண்களை வரிசையாக ஒலி அட்டைக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். குழாய் ஸ்பீக்கருக்கு இரண்டு தடம் வீண். ஒரே தடமாகப் பதிந்தால் அளவு பாதியாகும்.

எம்பி3 கோப்பை ஏபிளேயிடம் கொடுத்தால் என்ன ஆகும்? பிழை என்று சொல்லி நிற்காது. கோப்பின் தலைப்பகுதி புரியாததால், உள்ளே இருப்பது வெறும் ஒலி எண்கள் என்று எடுத்துக்கொண்டு, நொடிக்கு 8,000 மாதிரி என்ற கணக்கில் ஒலிக்கத் தொடங்கிவிடும். காதைக் கிழிக்கும் இரைச்சல் வரும். காதில் ஹெட்போன் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். ஊர் ஒலிபெருக்கியில் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மற்ற பிளேயர்கள்

எம்பி3-க்கு எம்பிஜி123 என்னும் சிறிய பிளேயர் போதும். பழைய கணினியிலும் சுமையின்றி ஓடும். எம்பி3 வடிவத்தின் காப்புரிமைகளுக்காக நடத்தப்பட்ட உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில் முடிவுக்கு வந்துவிட்டதால், லினக்ஸ் வழங்கல்கள் முன்பு காட்டிய தயக்கம் இப்போது இல்லை.

ஏறக்குறைய எல்லா வடிவங்களையும் இயக்கும் பெரிய கருவிகளும் உண்டு. எம்பிவி அவற்றில் ஒன்று. எம்பிளேயர் என்ற பழைய பிளேயரின் வழிவந்தது. எஃப்எஃப்பிளே, எஃப்எஃப்எம்பெக் தொகுப்போடு வருவது. இதை அப்படியே ஓட்டினால் ஒரு சாளரத்தைத் திறக்கும், பாட்டு முடிந்த பின்னும் மூடாது. அதனால் நோடிஸ்ப், ஆட்டோஎக்ஸிட் என்ற இரண்டு தெரிவுகளையும் முன்னால் கோடு இட்டுச் சேர்க்க வேண்டும்:

எஃப்எஃப்பிளே -நோடிஸ்ப் -ஆட்டோஎக்ஸிட் செய்தி.எம்பி3

விஎல்சி வைத்திருப்பவர்கள் விஎல்சி என்பதற்கு முன் ஒரு சி சேர்த்து 'சிவிஎல்சி' என்று தட்டினால் சாளரம் இல்லாத விஎல்சி ஓடும். சாக்ஸ் என்ற தொகுப்பை நிறுவினால் 'பிளே' என்ற கட்டளை கிடைக்கும்.

இத்தனை இருக்கும்போது ஏபிளே எதற்கு? அவசரத்துக்கு ஒலிக்க வேண்டிய கோப்பை முன்கூட்டியே வேவ் ஆக மாற்றி வைத்து, ஏபிளேயால் இயக்குவதே நல்லது என்பது எங்கள் கருத்து. வழியில் கெட்டுப்போக இருக்கும் பாகங்கள் குறைவு. இயங்குதளத்தைப் புதுப்பித்தபின் ஒரு நிரலகம் ஒத்துப்போகாமல் பெரிய பிளேயர் திறக்க மறுக்கலாம். ஏபிளேக்கு அந்தத் தொல்லை மிகக் குறைவு.

மாற்றுவது எளிது. இப்போது செய்திகள் பெரும்பாலும் வாட்ஸ்அப் குரல் பதிவாக வருகின்றன. அவை ஓபஸ் என்னும் முறையில் சுருக்கப்பட்டவை. ஏபிளேக்குப் புரியாது. எஃப்எஃப்எம்பெக் கொண்டு மாற்றலாம்:

எஃப்எஃப்எம்பெக் -ஐ செய்தி.ஓபஸ் -ஏசி 1 -ஏஆர் 44100 செய்தி.வேவ்

'-ஐ' என்பது உள்ளே வரும் கோப்பு. 'ஏசி 1' ஒரே தடம். 'ஏஆர்' நொடிக்கு எத்தனை மாதிரி என்பது.

பதிவு செய்த குரலை அப்படியே ஒலிபெருக்கியில் விடாமல் சாக்ஸ் மூலம் இரண்டு திருத்தங்கள் செய்தால் பேச்சு தெளிவாகும். முதலாவது, நார்ம் என்னும் வினை. மெதுவாகப் பதிவான குரலை, உடையாத அளவுக்கு உயர்த்தும். இரண்டாவது, ஹைபாஸ் 300. நொடிக்கு 300 அதிர்வுக்குக் கீழுள்ள கனத்த ஒலியைக் குறைக்கும். குழாய் ஸ்பீக்கரால் அந்த ஒலியை எப்படியும் தர முடியாது. அதன் உள்ளிருக்கும் யூனிட்டுக்குத்தான் வீண் அடி. ஹைபாஸை முதலில் எழுதி, நார்மைக் கடைசியில் எழுதவும்.

சாக்ஸ் செய்தி.வேவ் தயார்.வேவ் ஹைபாஸ் 300 நார்ம் -1

எழுத்தை நேராகப் பேச்சாக்கும் ஈஸ்பீக் போன்ற கருவிகளுக்குத் தமிழ் தெரியும். ஆனால் அதன் உலோகக் குரலைக் காற்றில், அலைச் சத்தத்தின் நடுவே புரிந்துகொள்வது கடினம். ஊரில் எல்லாருக்கும் பழகிய ஒருவர் நிதானமாகப் பேசிப் பதிந்த நான்கைந்து அறிவிப்புகளை ஆயத்தமாக வைத்திருப்பதே மேல்.

கோப்புப் பெயர்களில் தமிழ்

இன்றைய முனையங்கள் ஒருங்குறியை ஏற்பதால் கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். முதல் எழுத்தைத் தட்டி டேப் விசையை அழுத்தினால் மீதிப் பெயர் தானாக நிரம்பும். பெயரில் இடைவெளி இருந்தால் மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். அல்லது இடைவெளிக்குப் பதில் கீழ்க்கோடு இடலாம்.

வரிசைதான் சிக்கல். ஓர் அடைவில் உள்ள எல்லாவற்றையும் இயக்க நட்சத்திரக் குறியைப் பயன்படுத்துவோம். அப்போது கோப்புகள் எழுத்து வரிசையில் வரும். ஆனால் வெறும் ஒருங்குறி எண்வரிசையில் 'ன' என்பது 'ந'-வுக்கு அடுத்தும், 'ற' என்பது 'ர'-வுக்கு அடுத்தும் நிற்கின்றன. நாம் பள்ளியில் படித்த வரிசை அதுவன்று. கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து எது வரும் என்பது மாறும். இந்தக் குழப்பத்தில் மாட்டாமலிருக்க, பெயரின் முன்னால் 01, 02 என்று எண் இடவும். பூச்சியம் முக்கியம். இல்லாவிட்டால் 1-க்குப் பின் 10 வரும், 2 வராது.

ஒலி போகும் பாதை

ஏபிளே பேசுவது ஆல்சாவுடன். லினக்ஸ் கருவகத்தின் உள்ளே இருந்து ஒலி அட்டையை ஆளும் பகுதி அது. 1998-இல் யாரோஸ்லாவ் கீசெலா தொடங்கிய பணி, பின்னர் கருவகத்தின் 2.6 பதிப்பில் நிலையான இடம் பெற்றது. அதற்கு மேலே, பல நிரல்கள் ஒரே நேரத்தில் ஒலி எழுப்பும்போது அவற்றைக் கலந்து அனுப்ப ஓர் ஒலிச் சேவையகம் இருக்கிறது. நெடுங்காலம் பல்ஸ்ஆடியோ இந்த வேலையைச் செய்தது. இப்போது பைப்வயர் அதன் இடத்தைப் பிடித்துவருகிறது. ஃபெடோரா 2021-இலும் உபுண்டு 2022-இலும் அதற்கு மாறின. இவற்றோடு பேச பிஏபிளே, பிடபிள்யூ-பிளே என்ற கட்டளைகள் உண்டு.

இந்தச் சேவையகம் வழக்கமாக ஒரு பயனர் கணினிக்குள் நுழைந்தபின்தான் எழுந்து ஓடும். நுழைந்து உட்கார்ந்திருக்கும் நமக்கு இது உறைப்பதில்லை. ஆளில்லாத கணினியில் இதுவே பெரிய வேறுபாடாகிவிடும்.

ஓடியது, ஆனால் கேட்கவில்லை

லினக்ஸில் ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்லும். பூச்சியம் என்றால் வெற்றி. ஏபிளே பூச்சியத்தைத் தந்தால் எண்கள் ஒலி அட்டையைச் சேர்ந்துவிட்டன என்று பொருள். யார் காதிலாவது விழுந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஆம்ப்ளிஃபையர் அணைந்திருந்தாலும், வயர் கழன்றிருந்தாலும், ஒலி முடக்கப்பட்டிருந்தாலும் பூச்சியமே வரும். எச்சரிக்கை அமைப்புக்கு இதைவிட மோசமான குணம் இல்லை: தோற்றுவிட்டு, ஜெயித்ததாகச் சொல்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது முடக்கம். ஆல்சாமிக்ஸர் என்று தட்டினால் முனையத்துக்குள்ளேயே ஒலி அளவுப் பட்டைகள் தெரியும். ஒரு பட்டையின் கீழ் இரண்டு எம் எழுத்துகள் இருந்தால் அது முடக்கப்பட்டிருக்கிறது. எம் விசையை அழுத்தினால் திறக்கும். இதையே கட்டளையாக எழுத ஏமிக்ஸர் இருக்கிறது. அறிவிப்புக்கு முன் ஒவ்வொரு முறையும் மாஸ்டர் ஒலியை 80 விழுக்காட்டுக்கு உயர்த்தி முடக்கத்தை நீக்கும் ஒரு வரியைச் சேர்த்துவிட்டால், முந்தின நாள் யாரோ குறைத்து வைத்துவிட்டுப் போனது தடையாகாது:

ஏமிக்ஸர் செட் மாஸ்டர் 80% அன்மியூட்

அடுத்தது, ஒலி வேறு வழியில் போய்விடுவது. பல கணினிகளில் இரண்டு ஒலி அட்டைகள் உண்டு. ஒன்று பச்சைத் துளையில் செருகும் வழக்கமான வெளியீடு. மற்றொன்று திரைக்குப் போகும் ஹெச்டிஎம்ஐ. 'ஏபிளே -எல்' என்று சிறிய எல் எழுத்தில் தட்டினால் எல்லா அட்டைகளும் எண்ணோடு பட்டியலாகும். பெரிய டி எழுத்துத் தெரிவால் எந்த அட்டை என்று சொல்லலாம். எண்ணைக் கொடுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கணினி மறுபடி தொடங்கும்போது அட்டைகளின் எண் மாறக்கூடும். நேற்று 0 ஆக இருந்தது இன்று 1 ஆகலாம். அட்டையின் பெயரைக் கொடுப்பதே பாதுகாப்பு. இன்டெல் கணினிகளில் பெரும்பாலும் பிசிஹெச் என்ற பெயர் இருக்கும்:

ஏபிளே -டி பிளக்ஹெச்டபிள்யூ:கார்ட்=பிசிஹெச் தயார்.வேவ்

வெறும் ஹெச்டபிள்யூ என்று எழுதாமல் முன்னால் பிளக் சேர்த்திருப்பதற்குக் காரணம் உண்டு. அட்டை ஏற்காத மாதிரி வீதத்தில் கோப்பு இருந்தால் பிளக் அதை மாற்றிக் கொடுக்கும். இந்தக் கட்டளையில் டி, கார்ட், பிசிஹெச் ஆகியவை மட்டும் பெரிய எழுத்துகள்.

இப்படி அட்டையை நேராகப் பிடிப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. கோயில் திருவிழா நாளில் அதே கணினியில் யாரோ பாட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டை ஒலிச் சேவையகத்தின் கையில் இருக்கும். ஏபிளே 'கருவி வேலையில் இருக்கிறது' என்று பிழை காட்டி வெளியேறிவிடும். பாட்டு ஓடும், எச்சரிக்கை வராது. ஆகவே பாட்டை முதலில் நிறுத்த வேண்டும். பிகில் என்ற கட்டளைக்குப் பின் பிளேயரின் பெயரைத் தட்டினால் அது மூடப்படும். சேவையகம் அட்டையை விடச் சில நொடிகள் ஆகும் என்பதால், நடுவில் ஸ்லீப் கட்டளையால் சில நொடி காத்திருந்து ஏபிளேயை ஓட்ட வேண்டும். எளிய வழி, ஊர்ப் பாட்டுக்கு வேறு கணினி வைத்துக்கொள்வது.

ஆள் இல்லாத நேரத்தில்

குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்ட லினக்ஸில் கிரான் இருக்கிறது. 'கிரான்டேப் -ஈ' என்று தட்டித் திறக்கும் கோப்பில் ஒரு வரிக்கு ஐந்து இடங்கள்: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. பிறகு கட்டளை. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். முந்தின நாள் மாலை 6 மணிக்கு நினைவூட்ட வேண்டுமானால்:

0 18 14 4 * /யூஎஸ்ஆர்/பின்/ஏபிளே /ஹோம்/மையம்/தடைக்காலம்.வேவ்

கட்டளைக்கும் கோப்புக்கும் முழுப் பாதையைத் தந்திருப்பதைப் பாருங்கள். கிரான் மிகச் சுருக்கமான சூழலில் ஓடுவதால், முனையத்தில் வேலை செய்த சுருக்கப் பெயர் அங்கே கிடைக்காமல் போகலாம். முனையத்தில் நன்றாக ஒலித்தது கிரானில் மௌனமாக இருப்பதற்கு இன்னொரு காரணம், முன்னே சொன்ன ஒலிச் சேவையகம். யாரும் நுழையாத கணினியில் அது ஓடாது. பிஏபிளே அங்கே தோற்கும். ஏபிளேயை அட்டைப் பெயரோடு ஓட்டினால் நேராக ஆல்சாவுக்குப் போகும். அதற்கு அந்தப் பயனர் ஆடியோ என்ற குழுவில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும்.

தடைக்காலம் நாட்காட்டியில் இருக்கிறது. புயலும் அலையும் அப்படி இல்லை. நல்லவாட்டில் உடைத்த கதவுக்கு மாற்று எஸ்எஸ்ஹெச். வேறொரு கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ பாதுகாப்பான இணைப்பில் நுழைந்து கட்டளை தர இது உதவும். எஸ்எஸ்ஹெச், இடைவெளி, பயனர் பெயருடன் கணினியின் முகவரி, பிறகு ஏபிளே கட்டளை, எல்லாம் ஒரே வரியில். வெளியூரில் இருப்பவரும் ஊர் ஒலிபெருக்கியை ஒலிக்கச் செய்யலாம்.

இங்கே நிதானம் வேண்டும். ஆழிப்பேரலை வருகிறது என்ற பொய் அறிவிப்பு ஒருமுறை ஒலித்தால் நெரிசலில் அடிபடுவார்கள். அடுத்த முறை உண்மையாகவே ஒலிக்கும்போது யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக்கோப்பு பயன்படுத்தவும். சாவிகளைப் பதிந்து வைக்கும் கோப்பில், ஒரு சாவி எந்தக் கட்டளையை மட்டும் ஓட்டலாம் என்று கட்டுப்படுத்த வசதி இருக்கிறது. அப்படிச் செய்தால் அந்தச் சாவியை வைத்திருப்பவர் அறிவிப்பை ஒலிக்கலாம், கணினியில் வேறெதையும் தொட முடியாது. என்ன அறிவிக்க வேண்டும் என்பதை வருவாய்த் துறை, மீன்வளத் துறை, வானிலை ஆய்வு மையம் போன்ற பொறுப்பான இடங்களே சொல்ல வேண்டும். கணினி அதைத் திரும்பச் சொல்லும் கருவி மட்டுமே. கல்பாக்கத்தைச் சுற்றி இது இன்னும் முக்கியம், ஏனெனில் அணுமின் நிலையத்தின் அவசரகாலத் திட்டத்துக்குள் வரும் பகுதி அது.

காது வைத்துக் கேட்டல்

பூச்சியம் என்ற எண்ணை நம்ப முடியாதென்றால் வேறு எதை நம்புவது? ஒலிபெருக்கிக்குக் கீழே ஒரு மலிவான மைக்கை வைத்து அதைக் கணினியில் செருகலாம். ஏபிளேயின் இணைக் கட்டளை ஏரெக்கார்ட். அறிவிப்பை & குறியோடு பின்னணியில் ஓடவிட்டு, அதே நேரத்தில் ஐந்து நொடி பதிவு செய்யவும்:

ஏரெக்கார்ட் -டி 5 -எஃப் சிடி சோதனை.வேவ்

இங்கே டி சிறிய எழுத்து, கால அளவைக் குறிப்பது. பிறகு சாக்ஸின் ஸ்டேட் வினையை அந்தக் கோப்பின் மேல் ஓட்டினால், பதிவான ஒலியின் சராசரி வலிமையை ஆர்எம்எஸ் என்ற பெயரில் காட்டும். அமைதியான நேரத்தில் பதிந்த எண்ணோடு ஒப்பிடவும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஒலி வெளியே வரவில்லை. இந்த ஒப்பீட்டைச் சில வரி நிரலாக எழுதி, வராவிட்டால் பொறுப்பாளருக்குக் குறுஞ்செய்தி போகச் செய்யலாம்.

மைக் வைக்க வசதி இல்லையென்றால், தினமும் காலை ஒரே நேரத்தில் ஒரு சிறு மணியோசை ஒலிக்கும்படி கிரானில் எழுதவும். ஓரிரு வாரத்தில் ஊர் அதற்குப் பழகிவிடும். ஒருநாள் ஒலிக்காவிட்டால் டீக்கடையில் யாராவது கேட்பார்கள், 'இன்னிக்கு மணி அடிக்கலையே?' என்று.

மற்ற இயங்குதளங்களில்

மேக் கணினிகளில் ஏஎஃப்பிளே என்ற கட்டளை உடன் வருகிறது; வேவ், எம்பி3 இரண்டையும் இயக்கும். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து மீடியா.சவுண்ட்பிளேயர் என்னும் பொருளை உருவாக்கி, அதன் பிளேசிங்க் செயலை அழைத்தால் வேவ் கோப்பு ஒலிக்கும். எம்பி3 அதில் ஓடாது. எஃப்எஃப்பிளே, எம்பிவி, விஎல்சி மூன்றும் எல்லா இயங்குதளங்களிலும் கிடைப்பதால், பலவகைக் கணினிகள் உள்ள இடத்தில் அவற்றில் ஒன்றைப் பழகுவது நல்லது.

மின்சாரமும் உப்புக்காற்றும்

புயல் நாளில் முதலில் போவது கரண்ட். யுபிஎஸ் இல்லாத மேசைக்கணினி அப்போதே வாய் மூடிவிடும். இந்த வேலைக்கு மேசைக்கணினியைவிடப் பழைய மடிக்கணினி மேல், அதன் மின்கலம் ஓரளவு தாங்குமானால். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் பயனின்றிக் கிடக்கின்றன. அவற்றில் தொடக்கத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக், டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. பழைய கணினியானாலும் ஏபிளே ஓட்டத் தாராளமாகப் போதும். ஆம்ப்ளிஃபையர் வாங்கும்போது 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் வகையைக் கேட்டு வாங்கவும். ஆட்டோவில் மைக் செட் கட்டுபவர்கள் வைத்திருப்பது அந்த வகைதான்.

மேசைக்கணினிதான் இருக்கிறது என்றால், அதன் பயோஸ் அமைப்பில் மின்சாரம் திரும்பியதும் தானாகத் தொடங்கும் வசதியை இயக்கி வைக்கவும். இல்லாவிட்டால் கரண்ட் வந்த பின்னும் யாராவது வந்து பொத்தானை அழுத்தும்வரை அது தூங்கும். கடலோரத்தில் ஒலி வயரின் முனை உப்புக்காற்றில் துருப்பிடித்து, ஒரு பக்கம் மட்டும் கேட்பது, கரகரப்பது என்று தொடங்கி முற்றாக நின்றுவிடும். மாதம் ஒருமுறை கழற்றித் துடைத்துச் செருகி, ஏபிளேயால் ஒருமுறை ஒலித்துப் பார்க்கவும். ஐப்பசி பிறக்கும் முன் புது வயராக மாற்றிவிடுவது இன்னும் நல்லது.